மச்சான்மார் நடத்திய ஆய்விதழ்

கைறுன்னிஸாவின் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. முதல் முறை நீளம் போதாது என்றார்கள். நீட்டி எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் முறை நீளம் கூடிவிட்டது என்றார்கள். மூன்றாம் முறையும் திரும்பினால் கட்டுரையோடு சேர்த்து அவளும் ஓட்டமாவடிக்கே திரும்ப வேண்டியதுதான். அந்தச் சின்ன வளாகத்தில் அவள் தற்காலிக விரிவுரையாளர். வருசம் முடிவதற்குள் வளாகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று நிருவாகம் கையை விரித்துவிட்டது. சுனாமிக்கு அடுத்த வருசம் சேர்ந்தவள். யுத்தமே முடிந்து ஒரு வருசமாகிறது, இவளுடைய தற்காலிகம் மட்டும் முடிந்தபாடில்லை.

வளாகம் என்றதும் வந்தாறுமூலைப் பெரிய வளாகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், அவர்களோடு நமக்கு ஒரு வம்பும் இல்லை. இது வாவிக்கரையில், நாலு கட்டடமும் ஒரு கன்ரீனுமாகக் கிடந்த சின்ன வளாகம். ஆனால் ஆய்விதழ் என்ற பெயரில் ஒன்று அங்கேயும் வந்துகொண்டிருந்தது.

கைறுன்னிஸாவின் கட்டுரை மண்ணைப் பற்றியது. வாகரைப் பக்கத்துக் கரையோர வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், கடல் ஏறிவிட்டுப் போனபின் வயல் மண்ணில் எவ்வளவு உப்பு நின்றது, எத்தனை மாரிக்குப் பிறகு அது கழுவுப்பட்டது, நெல் எப்போது மறுபடி கதிர் தள்ளியது என்பதுதான் விசயம். வட்டை வட்டையாக நடந்து அவளே மண் அள்ளினாள். அதைப் பைகளில் கட்டி பஸ்ஸில் கொண்டு வந்தாள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவிழ்த்துக் காட்டினாள். ஒரு சிப்பாய் எல்லாப் பையையும் மோந்து பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் மண் இல்லையா என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டான். நடுவில் சண்டை மூண்டு, வாகரைச் சனமே காட்டு வழியாக ஓடி வந்த காலத்தில் மட்டும் அவளால் மண் அள்ள முடியவில்லை. "இக்காலப் பகுதியில் மாதிரிகள் பெறப்படாமை ஆய்வாளரின் அசட்டையைக் காட்டுகிறது" என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். அதை வாசித்த அன்று கைறுன்னிஸா பஸ்ஸிலேயே அழுதாள். பக்கத்து சீற்றுக்காரி யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து ஆறுதல் சொன்னாள்.

மூன்று மதிப்பீட்டாளர்களில் ஒருவர் மட்டும் இரண்டு முறையும் "ஏற்கலாம்" என்று எழுதியிருந்தார். நெருக்க நெருக்கமான எழுத்து, வரி வரியாகப் படித்த ஒருவர் எழுதியது. பெயர் மறைத்திருந்ததால் யாரென்று தெரியாது. அந்தத் தாளை மட்டும் அவள் குர்ஆன் வைத்த அலுமாரியின் கீழ்த்தட்டில் பத்திரமாக வைத்திருந்தாள்.

இதழாசிரியர் பேராசிரியர் ஏரம்பமூர்த்தி. நாவற்குடாவில் வீடு. அம்மா வழி ஊரில் கோயில் வண்ணக்கர், அதாவது கோயில் நிருவாகம் முழுவதும் அவர் தலையில். கோயிலை நடத்திய விதமாகவே இதழையும் நடத்தினார். கட்டுரைகளை வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பூசை பண்ணுவது வண்ணக்கர் வேலையா என்று கேட்பார்.

இங்கே மட்டக்களப்பு வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை நகராது. இந்தப் பக்கம் ஆளைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன் குடியைக் கேட்க நா துடிக்கும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன் பேச்சுக்கே இடமில்லை. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது, அவர்கள் அண்ணன் தங்கை முறை. கோயிலில் குடிக்கு ஒரு நாள் திருவிழா, பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர். தமிழருக்கும் முஸ்லிம்களான சோனகருக்கும் எத்தனையோ வழக்குக் கிடந்தாலும் இந்த ஏற்பாட்டில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று.

சொந்தக்காரர் சொந்தக்காரரை மதிப்பிடக் கூடாது என்று எங்கோ படித்த ஏரம்பமூர்த்தி, அதற்கு ஒரு சோதனை கண்டுபிடித்து வைத்திருந்தார். கலியாணம் செய்யலாமென்றால் கட்டுரையும் கொடுக்கலாம், செய்யக் கூடாதென்றால் கட்டுரையும் கொடுக்கக் கூடாது. இதைவிட நீதியான ஏற்பாடு உலகத்தில் உண்டா? சொந்தக் குடியில் ஒருவரைக்கூட அவர் இதழுக்குள் விடவில்லை. அதனால் அவருடைய மதிப்பீட்டாளர்கள் மூன்று பேரும் அவருக்கு மச்சான்மார். ஒருவர் அக்காவின் புருசன், அதே நாவற்குடாவில் இருந்த கணக்கியல் பேராசிரியர் நல்லரத்தினம். மற்ற இருவரும் மனைவியின் அண்ணன்மார். மண்ணோ மருத்துவமோ கூத்தோ, எந்தக் கட்டுரை வந்தாலும் இந்த மூவருக்கும்தான் போகும். மூன்று பேரும் எழுபது கடந்தவர்கள்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தா. இதழ் அச்சடிக்க உதவுகிற நிறுவனத்திலிருந்து வந்திருந்தா. மதிப்பீட்டில் பன்மைத்துவம், உள்வாங்கல் என்று ஒரு நாள் பட்டறை. மதியச் சோறு உண்டு என்பதால் மண்டபம் நிறைந்திருந்தது.

"உங்கட மதிப்பீட்டாளர்களில் பெண்கள் எத்தினை பேர், சேர்?" என்று மிஸ் கேட்டா.

ஏரம்பமூர்த்தி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"வேற சமூகத்து ஆக்கள்?"

"இருக்காங்க மிஸ். மூண்டு பேரும் என்ட குடியில்ல" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

மிஸ் அதைக் குறித்துக்கொண்டா, என்ன விளங்கிக் குறித்தாவோ தெரியாது. பிறகு கண்டிப்பாகச் சொன்னா. இதுவரை சேர்க்கப்படாதவர்களில் ஒருவராவது இனி ஒவ்வொரு கட்டுரையையும் பார்க்க வேண்டும். எழுதியவர் யார், பார்ப்பவர் யார் என்று இரண்டு பக்கமும் தெரியக் கூடாது, இதழாசிரியருக்குக்கூட எழுதியவர் தெரியக் கூடாது. இல்லாவிட்டால் உதவி நின்றுவிடும்.

ஏரம்பமூர்த்தியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அட, இது திருவிழாப் பங்கு! பங்கு கிடைக்காத குடிக்கு ஒரு நாள் குடுக்கிற!" என்று கத்திவிட்டார். அவருக்குக் கண் கலங்கியது. மனிதர் பொல்லாதவர் இல்லை, விளங்கிவிட்டால் உயிரைக் கொடுப்பார், விளங்குவதுதான் கொஞ்சம் தாமதம். அந்தக் கலங்கிய கண்ணோடு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தவர், கடைசி வரிசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்த கைறுன்னிஸாவைக் கண்டார். பெண். சோனகர். வாவிக்கு வடக்கே, ஓட்டமாவடி. ஒரே ஆளில் மூன்று பங்கும்!

அன்று பின்னேரம் கைறுன்னிஸா வீட்டுக்கு வந்தபோது வாசல் வரை வட்டிலப்பம் என்ற தேங்காய்ப்பால் பலகாரத்தின் வாசம். உம்மா றம்லா அடுப்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தா.

"ஆருக்கு உம்மா வட்டிலப்பம்?"

"பக்கத்து வீட்டுக்குக் குடுக்கப் போறன். நமக்குத் தேவல்ல."

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. மத்தியானம் வளாகத்திலிருந்து ஒரு பெரிய மனிசர் ஃபோன் எடுத்திருக்கிறார். நல்ல மரியாதையாக, உங்கட குடி என்ன எண்டு அறியலாமா என்று கேட்டிருக்கிறார். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் ஒரு தாயிடம் இந்தப் பக்கத்தில் குடி கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உம்மா குடியைச் சொல்லிவிட்டு, ஒரு கையால் தேங்காயையும் எடுத்துவிட்டா.

"எத்தின பேர் பாத்து வெச்சிரிக்கி எண்டு கேட்டன், மகள். மூணு பேராம். என்ன தொழில் எண்டன். எல்லாரும் பேராசிரியர்மாராம். அல்ஹம்துலில்லாஹ் எண்டு வயசக் கேட்டன். எழுவதுக்கு அங்காலயாம்!"

"உம்மா, அது..."

"இரி, கேளு. கலியாணம் முடிச்ச ஆக்களா எண்டு கேட்டன். ஓம், மூணு பேரும் முடிச்ச, பேரப்புள்ளயளும் இரிக்கி எண்டு என்னா சந்தோசமாச் செல்றாரு! உங்கட மகள் இவங்களோட சேந்து இரிந்தாப் போதும், வேற ஒண்டும் செய்யத் தேவல்ல எண்டாரு. ஃபோன வெச்சிட்டன்."

கைறுன்னிஸா சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்தாள். உம்மாவுக்குக் கடைசி வரை சிரிப்பு வரவில்லை. வட்டிலப்பம் பக்கத்து வீட்டுக்குப் போனது.

அடுத்த கிழமையிலிருந்து கட்டுரைகள் வரத் தொடங்கின. சோழர் காலத்துக் கல்வெட்டு. வங்கிகளின் வட்டி. சித்த மருத்துவத்தில் நாயுருவி. தென்மோடிக் கூத்தில் தாளக்கட்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு மச்சான்மாரோடு மூன்றாம் மதிப்பீட்டாளர் மண் படித்த கைறுன்னிஸா. அவள் கூத்துக் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஏரம்பமூர்த்தியின் அறைக்குப் போனாள்.

"சேர், எனக்குத் தாளம் ஒண்டும் தெரியாது."

"தெரியத் தேவல்ல புள்ள. நீங்க இருந்தாப் போதும்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் அதை ஒரு பெரிய கௌரவம் கொடுக்கிற தோரணையில்தான் சொன்னார். கொழும்புக்கு அனுப்பப் படம் எடுத்த நாளில் நிலைமை இன்னும் மோசம். அவளை மேசையின் இடப் பக்கம் வைத்து ஒரு படம், வலப் பக்கம் வைத்து ஒரு படம். மூன்றாவதுக்கு ஏரம்பமூர்த்தி தயங்கித் தயங்கிக் கேட்டார், "வேற நிறத்தில ஒரு முக்காடு இருக்கா புள்ள?" முக்காட்டை மாற்றவில்லை, முகத்தை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் நடுவில் தன் கட்டுரையை மூன்றாம் முறை திருத்தி, தலைப்பையும் மாற்றி, காரியாலயத்தில் கொடுத்தாள். வாங்கியவர் எழுதுவினைஞர் றஞ்சிதா. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், கறார் ஆள். பெயர் இருந்த முதல் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி அலுமாரியில் பூட்டினார். புது ஏற்பாட்டின்படி இதழாசிரியருக்குப் பெயர் தெரியக் கூடாது, குடி மட்டும் தெரிய வேண்டும்.

"அப்பான்ரை குடி என்ன, மிஸ்? கெதியாச் சொல்லுங்கோ."

வாசலில் ஓட்டமாவடி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. கைறுன்னிஸா வாப்பாவின் குடியைச் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினாள். பெயரின் முன்னெழுத்துத் தகப்பனுடையது என்றால் குடியும் அப்படித்தானே என்று றஞ்சிதா நினைத்ததில் பிழையில்லை. அவர் ஊரில் இந்த ஏற்பாடே கிடையாது. பஸ்ஸில் ஏறியவளுக்கும் சீற்றுப் பிடிக்கிற அவசரத்தில் அது உறைக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஏரம்பமூர்த்தி அவளை அழைத்து, கோயிலில் பூந்தட்டு நீட்டுகிற பாவனையில் இரண்டு கையாலும் ஒரு கடித உறையை நீட்டினார். அவள் நடந்துகொண்டே பிரித்தாள். "கடல் வட்டைக்குள் வந்த வேகத்தில் திரும்பிப் போகவில்லை" என்று முதல் வரி. நின்றுவிட்டாள். அவளுடைய வரி.

ஓடாத குறையாகத் திரும்பிப் போனாள்.

"சேர், இத எழுதின ஆள எனக்குத் தெரியும்."

ஏரம்பமூர்த்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லப்படா! ஆரெண்டு சொல்லப்படா! நம்மட ஊரில ஆருக்கு ஆரத் தெரியா?"

"நல்லாத் தெரிஞ்ச ஆள், சேர்."

"சொந்தமா?"

"சொந்தந்தான். அதவிடக் கிட்ட."

அவர் காதிலிருந்து ஒரு கையை எடுத்து, குடி எழுதியிருந்த உறையின் மூலையைத் தட்டிக் காட்டினார். "குடி வேற புள்ள! நான் வடிவாப் பாத்திற்றன். அந்தத் தம்பிட குடி வேற, உங்கட குடி வேற. சொல்லப்போனா நல்ல பொருத்தம். விசாரிச்சுப் பாத்தன், அது உங்கட வாப்பாட குடி, மச்சான் முறை வரும்."

அப்போதுதான் அவளுக்குப் பஸ் ஹோர்னும் றஞ்சிதாவின் கேள்வியும் நினைவுக்கு வந்தன. மட்டக்களப்புச் சட்டப்படி கைறுன்னிஸாவை மதிப்பிட மிகப் பொருத்தமான ஆள் கைறுன்னிஸா!

"சேர், நான் இதப் பாக்க ஏலாது. வேற ஆருக்காவது குடுங்க."

"வேற ஆரு இருக்கா? நீங்க விலகினா உள்வாங்கல் இல்ல, உள்வாங்கல் இல்லாட்டி இந்தக் கட்டுரைய வைக்க ஏலாது. அடுத்த வரிசந்தான்." குரலைத் தாழ்த்தினார். "ஒராள் ஓம் எண்டிற்றார், ஒராள் இல்ல எண்டிற்றார். உங்கட கையிலதான் கிடக்கு. பாவம், அந்தத் தம்பி என்ன அவசரத்தில இருக்கானோ."

அடுத்த வருசம் என்றால் வேலை போயிற்று. பார்த்தால் கள்ளம், பார்க்காவிட்டால் நட்டம். அவள் உறையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"ஏற்கலாம்" என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. பேனையை எடுத்தாள், கை ஓடவில்லை. சரி, ஒரு தடவை வாசித்தாவது பார்ப்போம் என்று யாரோ எழுதியதாக நினைத்து வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் கோபம் வந்தது. இந்த ஆள் ஏன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்? ஐந்தாம் பக்கத்தில் பேனையை மறுபடி எடுத்தாள். மூன்றாம் அட்டவணையில் மழைக்கு முன் எடுத்த மண்ணையும் மழைக்குப் பின் எடுத்த மண்ணையும் இந்த ஆள் ஒரே வரிசையில் போட்டு ஒப்பிட்டிருக்கிறார்! உப்புக் குறைந்தது வருசம் போனதாலா, போன கிழமை மழை பெய்ததாலா? இரண்டு முறை மூன்று பேராசிரியர்களின் கையால் போய்வந்த கட்டுரை, ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. அவளுக்கே படவில்லை.

கள்ளம் பண்ணப் பயந்தவள் இப்போது கருணை இல்லாதவளாகிவிட்டாள். நாலு பக்கத்துக்கு எழுதித் தள்ளினாள். திருத்தினால் ஏற்கலாம், திருத்தாவிட்டால் இதை வயலில் எருவாகத்தான் போடலாம் என்று முடித்தாள்.

இரண்டு நாளில் பெயர் மறைத்த அந்த அறிக்கை றஞ்சிதாவின் கையால் கட்டுரைக்காரியான அவளுக்கே வந்து சேர்ந்தது. தான் எழுதியதுதான் என்று தெரிந்தும் வாசிக்க வாசிக்கக் காது சிவந்தது. எருவா? என்ன மனிசி இவள்! ஆனால் சொன்னது சரி. இரவல் வாங்கிய மடிக்கணினியில் அட்டவணையைப் பிரித்துத் திரும்பக் கணக்கெடுத்தாள். உப்பு அவள் முதலில் சொன்னதைவிட ஒரு மாரி பிந்தித்தான் கழுவுப்பட்டிருந்தது. கட்டுரை முன்னைவிட நல்ல கட்டுரையாகிவிட்டது. பதில் எழுதினாள்: "மதிப்பீட்டாளரின் கூர்மைக்கு நன்றி. எனினும் எரு பற்றிய குறிப்பைத் தவிர்த்திருக்கலாம்." அந்தப் பதில் மதிப்பீட்டாளரான அவளிடமே வந்தது. "தொனிக்கு வருந்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உம்மா, மகளுக்கு யாரோ கடிதம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள், அல்லாஹ் கண்ணைத் திறந்துவிட்டான் என்று உள்ளூரச் சந்தோசப்பட்டா.

கட்டுரை ஏற்கப்பட்டது. கைறுன்னிஸாவுக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இதழ் அச்சுக்குப் போகுமுன் கொழும்பு மிஸ் மறுபடி வந்தா. அதே மண்டபம், அதே பார்சல். மச்சான்மார் மூவருக்கும் பொன்னாடை என்பதால் குடும்பமும் வந்திருந்தது. ஏரம்பமூர்த்தி மேடை ஏறி மூன்றாம் மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் அதற்குக் கட்டுரைக்காரர் எழுதிய பதிலையும் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தார்.

"இருவது வரிசமா இதழ் நடத்திறன். இப்படி ஒரு அறிக்கையும் கண்டதில்ல, இப்படி ஒரு பதிலும் கண்டதில்ல. நானே முதல் தரமா முழுக்க வாசிச்சன்! பாத்தது ஆரெண்டு எனக்குத் தெரியும், சொல்லப்படா. எழுதின தம்பி ஆரெண்டு எனக்குத் தெரியா. ஒண்டு மட்டும் சொல்லுவன், இவங்க ரெண்டு பேரும் ஒரு நாளைக்குச் சந்திக்கோணும். குடியும் பொருந்துது!"

மண்டபம் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்து, இந்த வளாகத்தின் முறையை நாடு முழுக்க முன்மாதிரியாகக் காட்டப் போவதாகச் சொன்னா.

கைறுன்னிஸா குனிந்து உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். சண்டைக்கும் சாவடிக்கும் நடுவில் அள்ளி வந்த மண், ஆறு வருசம், கடைசியில் அதை வாசித்துப் பிழை கண்ட ஒரே ஆள் அவளே என்பதுதான் அவளைத் தின்றது. யாராவது ஒருவர் வாசித்து, பிழை என்று திட்டியிருந்தால்கூட அவளுக்குப் போதும். எழுந்து நின்றாள்.

"சேர், அவங்க ரெண்டு பேரும் சந்திக்கத் தேவல்ல. தினம் ஓட்டமாவடி பஸ்ஸில ஒரே சீற்றிலதான் வாறாங்க."

ஏரம்பமூர்த்திக்கு விளங்கவில்லை. "அப்ப பழக்கமா?" என்றார்.

"நான்தான் சேர் அந்தத் தம்பி. றஞ்சிதா மிஸ் கேட்டது வாப்பாட குடி. என்ட கட்டுரையத்தான் எனக்குத் தந்தீங்க. சொல்ல வந்தன், காதப் பொத்தினீங்க."

ஏரம்பமூர்த்தி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கொழும்பு மிஸ் மெதுவாக எழுந்தா.

"சேர், இந்த மாவட்டம் முழுக்கத் தேடியும் மண் தெரிஞ்ச இன்னொரு பெண் இல்லையா?"

"இல்ல மிஸ்" என்றார் ஏரம்பமூர்த்தி, அழாக்குறையாக. "இருந்தாக் குடுத்திருக்க மாட்டனா?"

"ஏரம்பு!"

முன் வரிசையிலிருந்து குரல் வந்தது. பொன்னாடை போர்த்திய நல்லரத்தினத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி, ஏரம்பமூர்த்தியின் சொந்த அக்கா, சீதேவிப்பிள்ளை. விவசாயத் திணைக்களத்தில் மண் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நான் என்ன, செத்தா போயிற்றன்?"

"அக்கா, நீங்க என்ட குடி!" ஏரம்பமூர்த்தி கையெடுத்துக் கும்பிடாத குறை. "நம்மட குடிக்கு நானே குடுத்தா ஊர் என்ன சொல்லும்?"

"உன்ட குடிதான். இந்தப் புள்ளட குடியா? மச்சான் மச்சான் எண்டு இவருக்கு அனுப்பினியே, இவருக்கு மண்ணத் தெரியுமா, மணலத் தெரியுமா?" அவர் திரும்பிப் புருசனைப் பார்த்தார். நல்லரத்தினம் பொன்னாடையைக் கழுத்துவரை இழுத்து அதற்குள் போய்விடப் பார்த்தார். "வாற கட்டுரையெல்லாம் குசினி மேசையில கிடக்கும். இவர் தொடமாட்டார். ஆரோ கஸ்டப்பட்டு எழுதினது, சும்மா கிடக்கே எண்டு நான்தான் வாசிச்சு எழுதுவன். கீழ கையெழுத்து மட்டும் இவர்ட."

கைறுன்னிஸா முன் வரிசையை நோக்கி ஓரடி வைத்தாள். குர்ஆன் அலுமாரியின் கீழ்த்தட்டு நினைவுக்கு வந்தது.

"அப்ப நெருக்கமா எழுதின அந்த..."

"ஓம் புள்ள. உன்ட வட்டைக்கு நான் மூண்டு தரம் ஓம் எண்டு எழுதிற்றன், கை நோகுது. ஆனா அந்த மூண்டாம் அட்டவணை என்ட கண்ணுக்கும் படல்ல, திருத்தி வந்ததப் பாத்துத்தான் கண்டன். நீயே பிடிச்சிற்றாய்."

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? கைறுன்னிஸாவின் மதிப்பீடு செல்லாது. அடுத்தவர் எழுதியதில் கையெழுத்துப் போட்டதால் நல்லரத்தினத்தின் மதிப்பீடும் செல்லாது. மிஞ்சியது ஒரே ஒரு "இல்லை". அதைச் சொன்ன மச்சானுக்குக் கட்டுரை எதைப் பற்றியது என்று மிஸ் கேட்டபோது அவர் மீன் என்றார். மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டா. முன்மாதிரித் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது. கட்டுரை சீதேவிப்பிள்ளைக்கு அவருடைய சொந்தப் பெயரிலும், வெளி மாவட்டத்து மண் விஞ்ஞானிகள் இரண்டு பேருக்கும் புதிதாக அனுப்பப்பட்டது. மற்ற இருவரின் பெயரைக் கேட்டதும் ஏரம்பமூர்த்தியின் வாய் தன்னையறியாமல் "என்ன கு..." என்று தொடங்கியது. அக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினார்.

மூன்று பேரும் ஏற்றார்கள். இரண்டு பேர் நிறையத் திருத்தம் கேட்டார்கள், கைறுன்னிஸா சந்தோசமாகத் திருத்தினாள். மார்கழி முடிவதற்குள் இதழ் வந்தது, பின்னாலேயே நியமனக் கடிதமும் வந்தது.

சீதேவிப்பிள்ளை மட்டும் பெயரை மறைக்க ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு காலம் மறைந்திருந்தது காணும் என்று அறிக்கையின் கீழே கொட்டை எழுத்தில் முழுப் பெயரையும் எழுதியிருந்தார். கைறுன்னிஸா அதைப் பஸ்ஸில் பிரித்தாள். முதல் வரி இப்படி இருந்தது: "சண்டைக் காலத்தில் வாகரையில் ஏன் மண் அள்ளவில்லை என்று இந்தப் பிள்ளையைக் கேட்டவர், அந்தக் காலத்தில் தான் எங்கே இருந்தார் என்பதை முதலில் எழுதட்டும்." கேட்டவர் மூத்த மச்சான். அந்தக் காலம் முழுக்கக் கொழும்பில் மகள் வீட்டு மாடியில் இருந்தவர். இந்த முறையும் கைறுன்னிஸா பஸ்ஸில் அழுதாள். பக்கத்து சீற்றில் அதே பெண், இந்த முறை அவள் ஒன்றும் கேட்காமல் கண் துடைக்க லேஞ்சியை நீட்டினாள்.

வீட்டில் உம்மா அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஆரு மகள் இந்தச் சீதேவிப்பிள்ள?"

"என்ட கட்டுரைய வாசிச்ச ஆள், உம்மா."

"முழுக்கவா?"

"முழுக்க. நாலு தரம்."

உம்மா அறிக்கையை மடித்து மகளின் கையில் வைத்தா. பிறகு எழுந்துபோய்த் தேங்காயை எடுத்தா. அடுத்த நாள் காலை பஸ்ஸில் கைறுன்னிஸாவின் மடியில் ஒரு பாத்திரம் வட்டிலப்பம், சீதேவிப்பிள்ளைக்காக நாவற்குடாவுக்குப் போனது.